கருகிய ஆணங்களின் கணக்கு

பாலமுனையில் ஸைனம்புவின் மூக்குக்குப் பயந்து நடந்தவர்கள் பலர். மீன்காரர் நேற்றைய மீனை அவளுடைய ஒழுங்கையால் கொண்டுபோகமாட்டார். வயல் பக்கமாகச் சுற்றி, அரை மைல் கூடுதலாக சைக்கிள் மிதித்துப் போவார். ஒரு கல்யாண வீட்டில் புரியாணிச் சட்டி அடிப்பிடிக்கப் போகிறது என்று ஐந்து வீடு தள்ளி இருந்தபடியே அவள் ஆள் அனுப்பினாள். ஆள் போய்ச் சேர்ந்தபோது சட்டி இன்னும் அடுப்பில் ஏறவேயில்லை என்று சத்தியம் பண்ணுகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

அந்த மூக்குக்காரியின் புருஷன் றுமைஸ். கரையோர ஆஸ்பத்திரியொன்றில் புள்ளிவிபர உத்தியோகத்தர். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சுகமாகிப் போனார்கள் என்று எழுதி வைப்பது அவன் வேலை. கொரோனா வந்த பிறகு, இனிமேல் எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்வதும் அவன் தலையில் விழுந்தது. வந்தவனை எண்ணலாம், ஆளைத் தொட்டு எண்ணலாம். இன்னும் இருமத் தொடங்காதவனை எண்ணுவதற்கு அரசாங்கம் ஒரு கணினி கொடுத்திருந்தது. அதுவும் மத்தியானத்துக்குப் பிறகு சூடாகி அணைந்துவிடும்.

ஆஸ்பத்திரி ஆள் என்பதால் றுமைஸ் வீட்டுக்குப் போவதில்லை. வீட்டில் மாமனார் சரீப் இருந்தார். வயதானவர், நெஞ்சில் பழைய இழுப்பு. மாமி மௌத்தாகி வருஷங்கள் ஆகிவிட்டன. வீடு ஸைனம்புவின் வீடு. அந்தக் கிழக்குக் கரையில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. பிறந்த வீடு சகோதரிக்குப் போகும். கல்யாணம் முடித்தால் மனைவியின் வீட்டில் போய் இருப்பான். மகள் பிறந்தால், அவள் நடக்கத் தொடங்க முன்னமே அவளுக்கொரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவான். ஆக, ஒரு ஆண் தன் ஆயுளில் நாலு வீடு கட்டி முடித்தாலும், மழை வந்தால் யாருடைய வீட்டில் ஒதுங்குவது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

றுமைஸுக்கு அம்ஹா என்றொரு எட்டு வயது மகள் இருந்தாள். அவளுக்காக இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீடு பாதி எழும்பி நின்றது. கூரை இருந்தது, கதவில்லை. யன்னல் நிலைகள் இருந்தன, யன்னலில்லை. அங்கேதான் அவன் பாயை விரித்தான். கடற்காற்று ஒரு யன்னலால் வந்து மறு யன்னலால் போகும், ஸலாம் கூடச் சொல்வதில்லை. மழைக்கு நனைந்து இறுகிப்போன சீமெந்துப் பை ஒன்று அவனுக்குக் கதிரை. ஊர் முடங்கிக் கிடந்த அந்த நாட்களில் அமைதி எப்படியிருந்தது என்றால், பக்கத்து ஊர் ஒலுவிலில் ஒரு தேங்காய் விழுந்த சத்தம் பாலமுனையில் கேட்டு, இங்கே இரண்டு பேர் அது தங்கள் மரம் என்று சண்டை பிடித்தார்கள். றுமைஸுடன் சண்டை பிடிக்க ஆள் இல்லை. பூசாத சுவரோடு கதைத்துப் பார்த்தான். சுவர் நல்ல பொறுமைசாலி. ஆனால் ஒரு பேச்சுக்குக் கூட எதிர்த்துக் கதைப்பதில்லை.

விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஸைனம்புவின் கேற்றடிக்குப் போவான். மத்தியானச் சாப்பாடு பையில் கட்டி, கேற்றில் தொங்கும். அவள் கதவடியில் நிற்பாள். அவன் ஒழுங்கையில் நிற்பான். இடையில் முற்றம்.

"கோடு எப்பிடி?" என்று அவள் கேட்பாள்.

கோடு என்றால், அவன் ஒவ்வொரு நாளும் கீறும் நோயாளர் கோடு. அது மேலே ஏறி முடியும் இடத்தில்தான் ஆஸ்பத்திரியின் கட்டில்களும் முடியும். கார்த்திகை மாதத்தில் அது தென்னையில் ஏறுகிறவனைப் போல ஏறியது. கிழமைக்குக் கிழமை இரண்டு மடங்கு. அவனுடைய கணக்குப்படி ஆஸ்பத்திரிக் கட்டில்கள் போதாமல் போகும் என்றுதான், பக்கத்துப் பாடசாலை மண்டபத்தையும் எடுத்து நாற்பது கட்டில் போட்டு, ஒட்சிசன் சிலிண்டர்களையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மார்கழி பிறந்ததும் கோடு நின்றது. பிறகு படுத்துக்கொண்டது. மண்டபத்துக் கட்டில்களில் விரித்த துணி மடிப்புக் குலையாமல் கிடந்தது.

"படுத்திட்டு," என்றான் றுமைஸ்.

"எழும்பாதா?"

"இந்தக் கிழமை முழுக்கப் படுத்திருந்தா எழும்பாது."

"அப்ப வெள்ளிக்கிழமை வாங்க. அம்ஹா வாப்பா எங்க, வாப்பா எங்க எண்டு என்னத் திண்டுட்டு இரிக்கா."

அந்தச் சனிக்கிழமை ராத்திரி அவன் சுவரோடு கொஞ்சம் கூடுதலாகவே கதைத்தான்.

கோடு ஏன் படுத்தது என்று அவன் யோசிக்காமல் இல்லை. அந்த நாட்களில் கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்கம் பண்ண அனுமதியில்லை. எரித்தார்கள். மையவாடியில் ஆறடி மண்ணுக்கு உரிமையுள்ளவர்களென்று பிறந்ததிலிருந்து நம்பி வந்த மனிதர்களுக்கு, நோயை விட அந்த நெருப்புத்தான் பெரிதாக இருந்தது. காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடித்தார்கள். யாரும் கேட்டால், அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் சுகம் என்றார்கள். ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் இருமியபோது, ஆட்டுக்குத்தான் இருமல் என்று சொன்னார்கள். அந்த வீட்டில் ஆடு இருந்ததேயில்லை. இதெல்லாம் றுமைஸுக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவன் கையில் பென்சில் இருந்தால் கோடு கொஞ்சம் சாய்வாகத்தான் விழும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவன் சோற்றுப் பொதியை அவிழ்த்தான். மீன் ஆணம்; வெளியூரில் குழம்பு என்பார்கள். ஒரு வாய் வைத்தான். மறு வாய் வைக்கவில்லை.

ஆணம் கருகியிருந்தது. லேசாக அல்ல. அடிச்சட்டியைச் சுரண்டி ஆற்றிக் கொடுத்தது போல.

எதிரே ஓரமாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்புலன்ஸ் சாரதி சப்ரி அவன் முகத்தைப் பார்த்தான். "என்ன மச்சான், முள்ளா?"

"இல்ல. ஆணம் கருகிரிக்கி."

"யா அல்லாஹ், ஒனக்குமா?" சப்ரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "இஞ்ச பாரு என்டத. மூணு நாளா உப்ப அள்ளிக் கொட்டுறா. நேத்துத் தின்ட கத்தரிக்காய்க்கு, கடல்ல போய் வாயத் தொறந்திருக்கலாம். கேட்டா, நல்லாத்தானே இரிக்கி எங்கா. நானும் என்ன செய்ய, மாமியும் பக்கத்தில இரிந்து நல்லாத்தானே இரிக்கி எங்கா."

றுமைஸ் பொதியை மடித்தான். ஐந்து வீடு தள்ளி அடுப்பில் ஏறாத சட்டியின் கருகலை மணந்தவள், தன் மூக்குக்குக் கீழே ஒரு சட்டி எரிந்ததை அறியவில்லை. பொதியைத் தள்ளி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தான்.

அன்று பின்னேரம் வரைக்கும் அவன் தொலைபேசியை வைக்கவில்லை. கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரை அவனுக்குத் தெரிந்த ஆண்கள் எல்லோருக்கும் எடுத்தான். கூடப் படித்தவர்கள், மேசன், முடிவெட்டுகிறவர், அரிசி ஆலைக்காரர். வீட்டில் காய்ச்சல் இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எல்லாரும் சுகம் என்று வைத்துவிடுவார்கள். "ஆணமெல்லாம் எப்பிடி?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கரையில் ஆண்பிள்ளை காய்ச்சலை மறைப்பான், கடனை மறைப்பான்; வீட்டுச் சமையலைப் பற்றிய முறைப்பாட்டை மட்டும் அவனால் மறைக்கவே முடியாது. மேசன் தன் வீட்டுப் பருப்பைப் பற்றி எவ்வளவு நேரம் கதைத்தார் என்றால், பேட்டரி முடிந்து தொலைபேசி அணைந்த பிறகும் அவருடைய குரல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

முடிவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் ஆணம் கருகியிருந்தது, அல்லது உப்புக் கரித்திருந்தது. றுமைஸ் அதை வைத்துப் புதுக் கோடு ஒன்றைக் கீறினான். கோடு படுத்திருக்கவேயில்லை. போர்வைக்குள்ளே எழுந்து நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குள் மறைந்திருப்பவர்களில் மூச்சு முட்டுகிறவர்கள் மட்டும் வந்தாலும், வெள்ளிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரியும் நிரம்பும், மண்டபமும் நிரம்பும்.

அதே வெள்ளிக்கிழமை.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான டொக்டர் நேசராசா கல்முனைக்காரர். மெதடிஸ்ட் கோயிலில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். கோபம் வந்தாலும் சுருதி பிசகாது. அவர் மண்டபத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்திருந்தார்.

"சேர், அத மூடுங்க," என்றான் றுமைஸ். தன் கோட்டை மேசையில் விரித்தான்.

டொக்டர் கோட்டைப் பார்த்தார். "இது எங்கத்தைக் கணக்கு? பிசிஆர் ரிப்போட்டில இப்பிடி ஒண்டும் இல்லையே."

"ஆணக் கணக்கு சேர்."

"என்ன கணக்கு?"

றுமைஸ் சொன்னான். டொக்டர் பேனையை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

"உமக்குத் தனிய இருந்து இருந்து தலைக்குள்ள ஏதும்..."

"இரிக்கலாம் சேர். ஆனா ஆணம் கருகினது உண்மை."

"எங்கட வீட்டிலயும்தான் முந்தநாள் கேக் கருகினது. எங்கட மனிசி எப்பவும் கருக்குவா."

"எப்பவும் கருக்கிறவங்கள நான் கணக்கில எடுக்கல்ல சேர். ஒரு நாளும் கருக்காதவங்க மட்டும்தான்."

டொக்டர் எழுந்து யன்னலடிக்குப் போனார். மணம் போவது இந்த நோயின் குணம் என்று அவருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. "சரி. இத நான் மேலிடத்துக்கு என்னெண்டு எழுதுறது? கருகின மீன்கறி எண்டா?"

"மறைமுகக் குறிகாட்டி எண்டு எழுதுவம் சேர். ஆரும் கேள்வி கேக்கமாட்டாங்க."

டொக்டர் சிரித்தார். கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மெதுவாகக் கேட்டார்:

"றுமைஸ், உம்மட வீடும் இந்தக் கணக்குக்குள்ள இருக்கா?"

"இரிக்கி சேர்."

"அப்ப?"

றுமைஸ் கோட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளடிக்குப் போனான்.

அஸர் தொழுகை முடிந்து வெயில் சாயும் நேரத்தில் அவன் கேற்றடியில் போய் நின்றான். பின்னேரத்தில் அவன் வருவதில்லை. ஸைனம்பு கதவைத் திறந்தாள், முந்தானையால் வாயை மூடியபடி.

"ஆணம் நல்லமா இரிந்திச்சா?"

"கருகிரிந்திச்சி."

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"மணக்கல்லயா ஒனக்கு?"

"ஞாயித்துக்கிழமையிலரிந்து ஒண்டும் மணக்கல்ல," என்றாள். "அம்ஹாட தலையில எண்ண வெச்சன், அதும் மணக்கல்ல." அழத் தொடங்கினாள். "எனக்கு ஒண்டுமில்ல. அம்ஹாக்கும் சும்மா சூடுதான். வாப்பாக்குத்தான் மூச்சு ஏலாம இரிக்கி. ஒங்களுக்குச் செல்லப்படாதெண்டு சத்தியம் வாங்கிட்டார்."

உள்ளேயிருந்து சரீப்பின் குரல் வந்தது. ஒரு காலத்தில் வயலின் இந்த வரம்பிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வயற்கண்டத்து மாடு திரும்பிப் பார்க்கும் குரல். இப்போது இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தது.

"ஆரு புள்ள அது? கணக்கனா?"

"ஓம் மாமா. நான்தான்."

"போ. நான் வரமாட்டன்."

"மாமா, இண்டைக்குக் கட்டில் இரிக்கி. ஒட்சிசனும் இரிக்கி. வெள்ளிக்கிழமை ரெண்டும் இரிக்காது. நான் கணக்குப் பார்த்துட்டுத்தான் வந்த."

"ஒன்ட கணக்கு... எனக்குத் தேவல்ல. அங்க வந்து நான் மௌத்தானா... என்ன எரிப்பானுகள். ஒன்ட மாமிக்குப் பக்கத்தில... எனக்கு எடம் இரிக்கி. நான் இஞ்சயே..."

இருமல் மீதியைச் சொல்லி முடித்தது.

றுமைஸ் கேற்றைப் பிடித்துக்கொண்டான். எரிக்கமாட்டார்கள் என்று சொல்ல அவனால் முடியாது. அது அவன் கையில் இல்லை. கிழவரிடம் பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"மாமா, உசிரோட இரிக்கிற ஆள எரிக்கச் சட்டமில்ல. அதால உசிரோட இரிந்துட்டா வேல முடிஞ்சி."

உள்ளே சாய்கதிரை கிறீச்சிட்டது. "பகிடி விடுறான்," என்றது குரல். "நான் சாகப் போறன், இவன் பகிடி விடுறான்."

றுமைஸ் தொலைபேசியை எடுத்தான்.

ஸைனம்பு முற்றத்தில் இறங்கிவிட்டாள். "வாணாம். ஒழுங்க முழுக்க ஒளிச்சி வெச்சிட்டு இரிக்காங்க. நம்மட வாசலுக்கு அம்புலன்ஸ் வந்தா பொறகு எல்லா வாசலுக்கும் வரும். எல்லாரும் என்னத்தான் ஏசுவாங்க."

"ஓம். வரும்."

"அந்தக் கோல எடுத்தீங்கெண்டா, இந்த வாசலுக்கு இனி வரத் தேவல்ல நீங்க."

அவள் வீடு. அவள் சொன்னால் சொன்னதுதான்; ஊர் முழுக்க அப்படித்தான். றுமைஸ் அவளைப் பார்த்தான். கதவிடுக்கில் தெரிந்த அம்ஹாவின் பாவாடைக் கரையைப் பார்த்தான். உள்ளே மூச்சு இழுபடும் சத்தத்தைக் கேட்டான். சப்ரியின் இலக்கத்தை அழுத்தினான்.

சப்ரி வெள்ளைப் பாதுகாப்பு உடுப்புக்குள் முழுவதாகச் சுற்றி, சந்தைக்கு வந்த முட்டைக்கோவாவைப் போல இறங்கினான். ஒழுங்கையில் ஒரு மனிதர் இல்லை. ஆனால் திரைச்சீலைகள் எல்லாம் காற்றில்லாமலே ஆடின. சரீப் சாய்கதிரையை விட்டு எழுந்தார். பிடிக்கப் போன சப்ரியின் கையைத் தட்டினார். "எடு கைய. நான் நடந்துதான்... போவன்." நடந்தார். றுமைஸைக் கடந்து போனபோது திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து ஒழுங்கை முழுவதும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். ஸைனம்பு சொன்னது போலத்தான் நடந்தது. லேசாக இருந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி வேறு ஊர் நிலையமொன்றுக்குக் கொண்டுபோனார்கள். ஸைனம்புவும் அம்ஹாவும் போனார்கள். அம்ஹா யன்னலால் கை காட்டினாள். அவளுடைய உம்மா மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். றுமைஸுக்கும் பார்த்தார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுமில்லாத ஒரே ஆள் அவன்தான் என்று ஆகிவிட்டது.

கோடு அவன் கீறிய வழியே போனது. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மண்டபத்தின் கடைசிக் கட்டிலும் நிரம்பியது. அதற்குப் பிறகு வந்தவர்களை, பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளில் கிடத்தினார்கள். டொக்டர் நேசராசா அவன் தோளைத் தொட வந்து, நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டார். "சரியாய்த்தான் சொன்னீர்," என்றார். கணக்குப் போடுகிறவன் வாழ்நாளில் கேட்க விரும்பும் சொல் அது. றுமைஸ் அந்தச் சொல்லோடு வீட்டுக்குப் போய், அதைச் சுவரிடம் சொல்லிப் பார்த்தான். பிறகு தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தான். மணந்தது.

தை பிறந்து கொஞ்ச நாளில் சரீப்பை விட்டார்கள். சப்ரிதான் கொண்டுவந்தான். ஸைனம்புவின் கேற்றில் சுகாதாரப் பரிசோதகர்களின் மஞ்சள் கடதாசி ஒட்டியிருந்தது. பூட்டின் திறப்பு அவளோடு நிலையத்தில் இருந்தது. ஆகவே சப்ரி அவரை இரண்டு ஒழுங்கை தள்ளிக் கொண்டுவந்து, கதவில்லாத வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

சரீப் பாதியாகி இருந்தார். சாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்புப் பட்டியால் இறுக்கியிருந்தார்.

"உள்ளுக்கு வரலாமா?" என்றார்.

"இது அம்ஹாட வீடு மாமா."

"அப்ப ரெண்டு பேரும் அவட்டத்தான் கேக்கணும்." உள்ளே வந்து யன்னல் நிலையில் சாய்ந்தார். றுமைஸ் அவருக்கு அடுத்த அறையில் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு, இந்தப் பக்கம் தன் சீமெந்துப் பையில் வந்து இருந்தான். இருவருக்கும் நடுவில் சுவர். சுவரில் ஒரு யன்னல் நிலை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சரீப் கதைத்தார்.

"நம்மட ஒழுங்கை முழுக்க அங்கதான் கிடந்திச்சி. கடைக்கார மீராலெவ்வை எனக்கு அடுத்த கட்டில். பிந்தித்தான் கொண்டந்தாங்க. ராவு கதைச்சிட்டு இரிந்தான், இந்தப் போகம் நெல் என்ன வெல போகுமெண்டு. விடிய கட்டில் வெறுசா இரிந்திச்சி. அவன எங்க கொண்டு போனாங்கெண்டு நான் கேக்கல்ல."

றுமைஸ் சீமெந்துப் பையின் கிழிந்த ஓரத்தை மடித்துவிட்டான்.

"நீதானே என்னப் புடிச்சிக் குடுத்த."

"ஓம் மாமா."

"நான் ஒன்ன மன்னிக்கல்ல."

"ஓம் மாமா."

"பொறகு நான் செல்லல்ல எண்டு செல்லாத."

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். இருவரும் ஒரே பக்கம் முகம்வைத்து, தனித்தனி அறைகளில் தொழுதார்கள். தொழுது முடித்ததும் சரீப்பின் தொலைபேசி அடித்தது. கிழவர் தொலைபேசியில் கதைத்தால் தொலைபேசியே தேவையில்லை. குரல் பழையபடி வந்துகொண்டிருந்தது.

"ஓம் மகள். வந்துட்டன்... இல்ல, வீடு பூட்டு. இஞ்ச இரிக்கன். ஓம், அவனோடதான்."

அந்தப் பக்கத்தில் ஸைனம்புவின் குரல் சின்னதாக, எறும்பு ஊர்வது போலக் கேட்டது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை.

"இல்லயாம். காய்ச்சலொண்டும் இல்லயாம். ஊருக்கெல்லாம் வந்திச்சி, இவனுக்கு மட்டும் வரல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "என்னட்டயேன் கேக்காய்? நீயே கேளு. இந்தா, குடுக்கன்."

எலும்பும் தோலுமான கையொன்று நீண்டு வந்து தொலைபேசியை யன்னல் நிலையில் வைத்தது. பிறகு கிழவரின் செருப்புச் சத்தம் முற்றத்துப் பக்கம் போனது.

றுமைஸ் தொலைபேசியைச் சாரத்தில் துடைத்துக் காதில் வைத்தான்.

"ஸைனம்பு," என்றான்.

தூரத்தில் எங்கேயோ பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். யாரோ ஒரு வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்கெல்லாம் கிட்டே, தொலைபேசிக்கு மிகக் கிட்டே, ஒரு மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. இழுபடாத, நல்ல மூச்சு. அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவன் கணக்குப் பார்க்கவில்லை.